43 வரிப் பட்டியலை நாளுக்கு மூன்று வரியாக்குவது எப்படி: பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பெங்களூருக்கு வேலைக்காக வந்து ஓராண்டு நிறைவதற்குள் பெரும்பாலோரின் கைபேசியில் ஒரு பட்டியல் வளர்ந்துவிடுகிறது. என்னுடையதில் ஒரு கட்டத்தில் 43 வரிகள் இருந்தன. ‘வண்டி’, ‘பொங்கல்’, ‘ஓனர்’, ‘கேஸ்’, ‘அப்பா கண்’, ‘கன்னடம்’, ‘அப்ரைசல்’ என்று பெரும்பாலும் ஒற்றைச் சொற்கள். அலுவலக வேலை, அல்சூரில் இருக்கும் வாடகை வீட்டு வேலை, கரூரில் இருக்கும் சொந்த வீட்டு வேலை மூன்றும் அதில் கலந்து கிடந்தன. ஒவ்வொரு இரவும் அதைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளிப் பார்த்து, எதையும் செய்யாமல் மூடிவைத்துவிட்டுத் தூக்கம் வராமல் படுத்திருப்பேன். பட்டியல் நீளமாக இருப்பதால்தான் இந்தப் பாடு என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். ஒருநாள் எண்ணிப் பார்த்தபோது, செய்யக்கூடிய வேலையாக எழுதப்பட்டிருந்தவை ஆறே ஆறு. மற்ற 37 வரிகளும் கவலைகளின் பெயர்கள் என்று புரிந்தது. வேலையைச் செய்து முடித்து அடித்துவிடலாம், கவலையின் பெயரை அப்படி அடிக்க முடியாது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் பெயர்களை வேலைகளாக மாற்றுவதைப் பற்றியவை.

முதல் படி: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மனத்தில் உள்ளதையெல்லாம் வரிசை பார்க்காமல் எழுதுங்கள். மனம் வற்றியதும், வேலைகள் ஒளிந்திருக்கும் மற்ற இடங்களைத் தேட வேண்டும்: வாட்ஸ்அப்பில் நட்சத்திரமிட்டு வைத்த செய்திகள், படிக்காதது போல் மாற்றிவைத்த மின்னஞ்சல்கள், கைபேசியில் எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்கள், குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் போட்டு வைத்த ரசீதுகள், அம்மா தொலைபேசியில் சொன்னவை. செயலியிலும் எழுதலாம், ஆனால் முதல் முறை காகிதமே நல்லது என்பது என் கருத்து. கைபேசியைத் திறந்தால் அரை மணி நேரம் வேறெங்கோ போய்விடுகிறது.

எழுதுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். பெர்லினில் ஆய்வு செய்த உளவியலாளர் புளூமா செய்கார்னிக் 1927இல் வெளியிட்ட ஆய்வில், முடித்த வேலைகளைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலைகளே நினைவில் கூடுதலாகத் தங்குவதாகக் கூறினார். பிற்காலச் சோதனைகள் எல்லாவற்றிலும் அந்த முடிவு அப்படியே திரும்பக் கிடைக்கவில்லை என்றாலும், பாதியில் விட்ட வேலை இரவில் வந்து கதவைத் தட்டும் என்பதை அறியாதவர் இல்லை. நமக்கு அதைவிடப் பயனுள்ளது, உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. முடியாத வேலை மனத்தை அரிப்பதை நிறுத்த, அதை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. எப்படிச் செய்வது என்று தெளிவான திட்டம் வகுத்தாலே அரிப்பு பெரிதும் அடங்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். ‘வண்டி’ என்று எழுதிவைப்பது திட்டம் ஆகாது. இரண்டாம் படி வேண்டியிருப்பது அதனால்தான்.

இரண்டாம் படி: ஒவ்வொரு வரிக்கும் ஒரு வினைச்சொல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். இதை ஒழுங்காகச் செய்தால் மற்றவை தாமாக வரும். ஒவ்வொரு வரியையும் எடுத்து, ‘இதில் என் கை அடுத்ததாகச் செய்ய வேண்டியது என்ன?’ என்று கேட்டு, அதை வினைச்சொல்லில் முடியும் வாக்கியமாக எழுத வேண்டும். என் பட்டியலில் ஏழு மாதம் தூங்கிய ‘வண்டி’யையே எடுத்துக்கொள்வோம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த டி.என். 47 எண் ஸ்கூட்டர் அது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 47ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும். அதற்கு ஊரில் உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அந்த விண்ணப்பம் படிவம் 28. வண்டிக் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் ஒப்புதல் வேண்டும். சான்று வந்தபின் படிவம் 27இல் இங்கே விண்ணப்பித்து, கர்நாடகத்தின் வரியையும் கட்ட வேண்டும். ‘வண்டி’ என்ற மூன்று எழுத்துக்குள்ளே இரண்டு மாநிலம், இரண்டு அலுவலகம், ஒரு வங்கி, இரண்டு படிவம், ஒரு வரி அடங்கியிருக்கின்றன. அதைப் பார்த்ததும் மனம் ஏன் அடுத்த வரிக்குத் தாவியது என்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் என் கை முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ‘ஆர்.சி.யை (வண்டியின் பதிவுச் சான்றை) எடுத்து, கடன் குறிப்பு இன்னும் அதில் இருக்கிறதா என்று பார்.’ மூன்று நிமிட வேலை. பார்த்தேன், கடன் அடைத்து ஓராண்டுக்கு மேலாகியும் குறிப்பு அப்படியே இருந்தது. ஆகவே அடுத்த வரி, ‘கடன் முடிந்ததற்கான சான்றைக் கேட்டு வங்கிக் கிளைக்கு மின்னஞ்சல் எழுது’ என்றானது. அது பத்து நிமிடம். மீதி எல்லாவற்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘வண்டி’ என்று தலைப்பிட்டு வரிசையாக எழுதிவைத்தேன். அன்றாடப் பட்டியலுக்குள் ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டுமே வரும். பெரிய வேலைகளுக்கெல்லாம் இதே முறைதான்: முழுச் சங்கிலியும் பின்பக்கத்தில், முதல் கண்ணி மட்டும் முன்பக்கத்தில்.

வினைச்சொல்லோடு தேதியும் ஒட்டியிருக்கும் வேலைகள் சில உண்டு. ‘பொங்கல்’ என்று ஒரு வரி மூன்று வாரம் என் பட்டியலில் இருந்தது. டிக்கெட் எடுக்க உட்கார்ந்தபோது மைசூர் – தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் காத்திருப்புப் பட்டியலே நீண்டு கிடந்தது. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு, பயண நாளை விட்டுவிட்டு 60 நாட்களுக்கு முன்தான் திறக்கிறது. அதாவது ஜனவரி 13 அன்று ஏற வேண்டுமானால் நவம்பர் 14 காலை எட்டு மணிக்குக் கைபேசியோடு தயாராக இருக்க வேண்டும். ‘பொங்கல்’ என்பதற்குப் பதிலாக ‘நவம்பர் 14, காலை 7.50: டிக்கெட் எடு’ என்று எழுதி, அதைப் பட்டியலில் வைக்காமல் நாள்காட்டியில் அலாரத்தோடு வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட நாளில் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்குப் பட்டியலில் இடம் கிடையாது. அன்றாடம் அதைப் பார்த்துப் பயனில்லை, பார்க்க வேண்டிய நாளில் அது கண்ணில் படுவதும் இல்லை. அந்த ஆண்டு ஓசூர் சாலையில் மடிவாளாவிலிருந்து புறப்பட்ட தனியார் பேருந்தில், வழக்கமான கட்டணத்தைப் போல இரண்டரை மடங்கு கொடுத்து ஊர் போய்ச் சேர்ந்தேன்.

மூன்றாம் படி: பிறர் கையில் இருப்பவற்றைப் பிரித்துவையுங்கள்

மாற்றி எழுதும்போது சில வரிகளுக்கு வினைச்சொல் கிடைக்காது. ‘ஓனர்’ என்ற வரி அப்படிப்பட்டது. கழிவறைக் குழாய் ஒழுகுவதைச் சொல்லியாகிவிட்டது, அவர் ஆள் அனுப்ப வேண்டும். நான் செய்வதற்கு எதுவும் இல்லை, இருந்தும் நாள்தோறும் அந்த வரி என்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்டவற்றுக்குத் தனிப் பக்கம் ஒன்று ஒதுக்கி, ‘காத்திருப்பவை’ என்று தலைப்பிட்டு, யாரிடம், எதை, எந்தத் தேதியில் கேட்டேன், எப்போது திரும்பக் கேட்பேன் என்று நான்கு கட்டங்களாக எழுதுங்கள். ‘வீட்டுக்காரர், குழாய், 6ஆம் தேதி கேட்டது, 10ஆம் தேதி மாலை மீண்டும் கேள்.’ 10ஆம் தேதி மாலைவரை குழாயைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. என் 43 வரிகளில் 11 இந்தப் பக்கத்துக்குப் போயின. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தால் வேறொரு பயனும் உண்டு: வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் பற்றிப் பேச்சு வந்தால், எதை எப்போது சொன்னோம் என்பது தேதியோடு கையில் இருக்கும்.

அலுவலக வேலைகளை இந்த நோட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அவை அலுவலகத்தின் பலகையிலேயே இருக்கட்டும். இரண்டும் கலந்தால், சனிக்கிழமை காய்கறி வாங்கும்போது முடிக்காத அலுவலக வேலையும், திங்கட்கிழமை கூட்டத்தில் கேஸ் சிலிண்டரும் நினைவுக்கு வரும்.

நான்காம் படி: உங்களிடம் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கணக்கிடுங்கள்

பட்டியல் எழுதும் பலரும் இதைச் செய்வதில்லை. என் கணக்கைச் சொல்கிறேன். காலை 8.15க்கு வீட்டிலிருந்து கிளம்பி அல்சூரில் பர்ப்பிள் லைன் மெட்ரோ பிடித்தால், வைட்ஃபீல்டு அலுவலகத்திலிருந்து திரும்பி வீட்டுக்குள் நுழைய மாலை 7.30 ஆகும். சமையல், சாப்பாடு, ஊருக்குப் போன், மறுநாள் உடுப்பு ஆகியவை போக, வார நாளில் எனக்கென்று கிடைப்பது 50 நிமிடம். சனிக்கிழமை நான்கு மணி நேரம், ஞாயிறு இரண்டு மணி நேரம். மொத்தத்தில் வாரத்துக்குச் சுமார் பத்து மணி நேரம். வெளிவட்டச் சாலையில் பேருந்திலோ காரிலோ சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இதுவும் கிடைக்காது. அவர்கள் வார நாள் கணக்கை அரை மணியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

மறுபக்கம், மாற்றி எழுதிய வேலைகளுக்கு நேரே நிமிடங்களைக் குறித்துக் கூட்டினேன்: 31 மணி நேரம் வந்தது. அதையும் அப்படியே நம்பக் கூடாது. நம் வேலைக்கு ஆகும் நேரத்தை நாமே குறைத்து மதிப்பிடும் பழக்கத்தை 1979இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் விளக்கினார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்கள் சராசரியாக 34 நாட்களில் முடிப்போம் என்று சொல்லி, சராசரியாக 55 நாட்களுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே எந்த மதிப்பீட்டையும் ஒன்றரையால் பெருக்குங்கள். 31 மணி நேரம் 46 ஆனது. பத்து மணி நேர வாரத்தில் அது ஏறத்தாழ ஐந்து வாரம்.

ஐந்து வாரம் என்று தெரிந்த அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அதுவரை 43 வரிகளையும் இன்றிரவே முடித்தாக வேண்டும் என்பது போலவும், முடிக்காதது என் சோம்பலே என்பது போலவும் இருந்தது. ஐந்து வாரத்துக்கான வேலையை ஓர் இரவில் முடிக்காததற்காக யாரும் தன்னை நொந்துகொள்ள மாட்டார்கள்.

ஐந்தாம் படி: அடிக்க வேண்டியதை அடியுங்கள்

ஐந்து வாரமும் நீளம் என்று தோன்றினால், அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ‘கன்னடம்’ என்ற வரியை அடிக்கப் போனேன். இந்த ஊரில் வாழ்கிறவர் அந்த மொழியைக் கற்காமல் இருப்பது சரியில்லை என்பதால் மனம் வரவில்லை. ‘தள்ளுவண்டிக்காரரிடம் எஷ்டு (எவ்வளவு) என்று கேட்டு, விலையைக் கன்னடத்தில் சொல்’ என்று சுருக்கினேன். ஒந்து, எரடு, மூரு என்று எண்கள் பாதிக்கு மேல் நமக்குத் தெரிந்தவை போலவே இருப்பதால், இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. இப்படிச் சுருக்கவும் முடியாதவற்றை, மூன்று வாரம் தொடர்ந்து தள்ளிப்போட்டவற்றை, தயங்காமல் அடியுங்கள்.

அடிப்பதில் கடினமானது, ஊரிலிருந்து வரும் வேண்டுகோள்கள். பெங்களூரில் ஒருவர் இருந்தால் மருத்துவமனை விசாரணை, கல்லூரி விசாரணை, சேலை எல்லாம் அவர் வழியாகத்தான். என் சித்தி ஒருநாள், “கண்ணு, நீ அங்கதான இருக்கற, மைசூர் பட்டு ஒண்ணு பாத்து வாங்கி அனுப்பிச்சுடு” என்றார். முன்பெல்லாம் “சரிங்க சித்தி” என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் குற்ற உணர்வோடு திரிவேன். இம்முறை, “இந்த மாசம் ஆகாதுங்க சித்தி. பொங்கலுக்கு வரும்போது கையோட கொண்டாரேன்” என்றேன். “அதுக்கென்ன, மெதுவா வாங்கு” என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். முடியாது என்று சொல்வதைவிட, எப்போது முடியும் என்று சொல்வது நம் வீடுகளில் எளிதாகச் செல்லுபடியாகிறது. அப்பாவின் கண் பரிசோதனை போன்றவற்றை அடிக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. அவற்றை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

அவசரம், முக்கியம் என்று நான்கு கட்டம் போட்டுப் பிரிக்கும் முறையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். தொடக்கக்காரர்களுக்கு அது அவ்வளவாக உதவாது என்பது என் அனுபவம். பதற்றத்தில் இருப்பவருக்கு எல்லா வரியும் முதல் கட்டத்தில்தான் போய் விழும்.

ஆறாம் படி: நாளுக்கு மூன்று வரி

இரவு படுக்கும் முன், நோட்டிலிருந்து மூன்றே மூன்று வரிகளை ஒரு சிறு சீட்டில் எழுதுங்கள். ஒன்று 20 அல்லது 30 நிமிட வேலை. மற்ற இரண்டும் ஐந்து நிமிடத்தில் முடியக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் எப்போது, எங்கே என்பதையும் சேருங்கள்: ‘மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்ததும் வங்கிக்கு மின்னஞ்சல்’, ‘சோறு வைத்துவிட்டுக் குக்கர் விசில் வரும்வரை பெஸ்காம் (மின்சார) பில்’. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு கட்டிவைத்த வேலை தப்பாமல் நடக்கிறது. மறுநாள் நோட்டைத் திறக்க வேண்டாம், சீட்டு மட்டும் போதும். மூன்றும் முடிந்து நேரம் மீந்தால் நான்காவதைத் தேடாமல் சும்மா இருங்கள். இதைச் சொல்வது எளிது, பழகத்தான் நாளாகும்.

சனிக்கிழமைச் சீட்டை மட்டும் வேறுவிதமாகப் போட வேண்டும். இந்த ஊரில் நேரத்தைத் தின்பது தூரம் என்பதால், வேலையின் வகையைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்துச் சேருங்கள். ஜெயநகரில் ஒன்று, இந்திராநகரில் ஒன்று, யஷ்வந்தபுரத்தில் ஒன்று என்று ஒரே நாளில் வைத்தால் ஒன்றுதான் நடக்கும். ஜெயநகர் வேலைகள் எல்லாம் ஒரு சனிக்கிழமை, இந்திராநகர் வேலைகள் எல்லாம் இன்னொரு சனிக்கிழமை. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை என்பதை மறந்து, ஒருமுறை எலெக்ட்ரானிக் சிட்டிவரை போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன்.

வாரம் ஒருமுறை, பிறகு வாரம் கெட்டுப்போனால்

ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் நோட்டைப் புரட்டி, முடிந்ததை அடித்து, காத்திருப்பவை பக்கத்தில் தேதி கடந்தவர்களுக்கு நினைவூட்டி, பின்பக்கச் சங்கிலிகளில் அடுத்த கண்ணியை முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். காபியோடு உட்கார்ந்தால் இது சுமையாகத் தெரியாது.

பட்டியல் குறைந்தும் மனப்பாரம் குறையவில்லை, வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ சரியில்லை, காலையில் எழவே மனம் வரவில்லை என்றால், அது நோட்டுப் புத்தகத்தால் தீரக்கூடியது அல்ல. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416இல் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். நேரில் போக வேண்டுமானால் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது.

சில வாரங்கள் எப்படியும் கெட்டுப்போகும். மழை பிடித்துக்கொண்டு சாலையில் தண்ணீர் நிற்கும், அலுவலகத்தில் மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வாரம் வரும், ஊரிலிருந்து உறவினர் மருத்துவமனைக்கு வந்து நான்கு நாள் தங்குவார்கள். அப்போது விட்டுப்போன சீட்டுகளைச் சேர்த்து, 18 வரிகளாக அடுத்த நாள் தலையில் ஏற்றாதீர்கள். பழைய சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நோட்டிலிருந்து மீண்டும் மூன்றை எடுங்கள். கிழித்த சீட்டில் இருந்தவை நோட்டில் அப்படியேதான் இருக்கின்றன. என் நோட்டில் ‘வண்டி’ப் பக்கத்தில் கடைசியாக மிஞ்சியிருப்பது ஒரே வரி: புது எண் பலகையைப் பொருத்த வண்டியை எடுத்துப் போக வேண்டும். கடை அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அதை வரும் சனிக்கிழமைக்கு எழுதியிருக்கிறேன்.